கட்டு அவிழ்ந்த காலை

—இந்தப் பக்கம் வந்து சொல்லு, சேராஃபிம். இடது காதுல சொன்னா கிணத்துல கல்லைப் போட்ட மாதிரிதான். எனக்கு ஒண்ணும் ஏறாது.

—சரி, விடு. வலது பக்கமே வந்துட்டேன். கையெழுத்துப் போடுவியா மாட்டியா? அதைத்தான் கேட்டேன்.

—வீட்லயே சொல்லிட்டேன். பஸ் நிறுத்தத்துக்கு வந்து கேட்டாலும் அதேதான். போட மாட்டேன்.

—அப்ப எதுக்குக் கூட வந்த? ஞாயித்துக்கிழமை போத்துற சால்வை வேற போத்திக்கிட்டு.

—நீ தனியாப் போனா சந்தை முக்குல இருக்கற சாராயக்கடையைத் தாண்டுவியான்னு பாக்கத்தான். குடிக்காம இருக்க டாக்டர் ஊசியால போட்ட மூணு வருஷக் கட்டு நேத்தோட முடிஞ்சுபோச்சு. இன்னிக்கு நீ அவுத்து விட்ட மாடு.

—மறுபடியும் கட்டிக்கணும்னு நானேதான கிளம்பி நிக்கிறேன். எந்த மாடு புள்ள கயித்தைத் தானே வாயில கவ்விக்கிட்டு வருது?

—ஆமா சாமி. பெரிய தியாகி. சிலை வைக்கச் சொல்றேன்.

—பொண்டாட்டி கையெழுத்து இல்லாம டாக்டர் ஊசி போட மாட்டாரு. உனக்கே தெரியும். போன தடவை நீதான போட்ட? "ஒரு சொட்டு உள்ள போனாலும் இவனுக்கு நெஞ்சு நின்னு உசிரு போயிடும்னு எனக்குச் சொன்னாங்க. என் கையால இவனுக்கு ஒரு சொட்டும் குடுக்க மாட்டேன்"னு எழுதிக் குடுத்து, மாதா படத்துக்கு முத்தம் குடுத்து சத்தியம் பண்ணின.

—பண்ணினேன். அது அப்போ.

—இப்ப என்ன வந்துச்சு?

—கை வலிக்குது.

—அனிசியா, விளையாடாத. இத்தாலிலேர்ந்து வியோரிகா என்ன சொன்னா? இந்த வெயில் காலம் முழுக்கப் பையனை நம்மகிட்ட விடுறேன்னா. நாலு வயசுப் பேரன், இதுவரைக்கும் அவனைப் போன்லதான் பாத்திருக்கோம். ஒரே ஒரு நிபந்தனை வச்சா. அப்பா மறுபடி கட்டுப் போட்டுக்கணும், டாக்டர் முத்திரை குத்தின காகிதத்தைப் படம் புடிச்சு அனுப்பணும். பெத்த பொண்ணு. எங்கிட்ட வார்த்தை கேக்கல, முத்திரை கேக்குறா.

—அவ பாத்ததுக்கு வேற என்ன கேப்பா? பத்து வயசுல உன்னைச் சேத்துலேர்ந்து தூக்கிட்டு வந்த பொண்ணு.

—அதைத்தான் நானும் சொல்றேன். அவ கேக்குறது நியாயம். நீ கையெழுத்துப் போடலேன்னா காகிதம் இல்ல. காகிதம் இல்லேன்னா பேரன் இல்ல. அவனுக்குன்னு ஒரு ஆட்டுக்குட்டியைத் தனியாக் கட்டி, கழுத்துல சிவப்புத் துணி சுத்தி வச்சிருக்க.

—இருக்கட்டும். அது வளந்து கிழட்டு ஆடா ஆகட்டும்.

—உனக்கு என்னதான் ஆச்சு? போன அக்டோபர்லேர்ந்து நீ நீயாவே இல்ல. கோயில்ல கடைசி வரிசையில நிக்கிற. நற்கருணை வாங்கப் போறதில்ல. பாதிரியார் எங்கிட்ட கேட்டுட்டாரு, "உன் வீட்டுக்காரிக்கு என்ன குறை"ன்னு.

—நீ என்ன சொன்ன?

—முட்டி வலின்னு சொன்னேன்.

—பொய் உனக்கு நல்லா வருது. அந்தக் கட்டைவிரல் தழும்பைச் சொறியாத. புண்ணாக்கிடுவ.

—அடுப்பு சுட்டது, அரிக்குது. நீயும் அந்தச் சாவிக்கொத்தைக் குலுக்காம இரு. கோயில் மணி மாதிரி சதா ஒரு சத்தம்.

—மூணு வருஷமா இடுப்புலயே கிடக்குது. நிலவறைச் சாவி, வீட்டுச் சாவி எல்லாம் இதுலதான். உன்னை நம்பி வேற எங்க வைப்பேன்?

—பங்காளி! கட்டு அவுந்த மாப்பிள்ளை இங்கயா நிக்கிறாரு! என்ன மதினி, சௌக்கியமா?

—வா நிகிஃபோர். எங்க, இவ்வளவு பெரிய கேனோட?

—மகளைக் குடுத்த வீட்டுக்கு. சம்பந்தி லாரி அனுப்புறேன்னாரு, அதான் நிக்கிறேன். வெறுங்கையோட போக முடியுமா? போன வருஷத்துக் கறுப்புத் திராட்சை. கேட்டியா பங்காளி, சாராயம்தான் குடி. ஒயின் சாப்பாட்டுல சேத்தி. நம்ம மோல்தோவாவுல பச்சப்புள்ளைக்கே உதட்டுல தடவி விடுறோம்.

—உன் சாப்பாட்டை மூடி வை நிகிஃபோர். அவரு டவுனுக்கு ஊசி போட்டுக்கப் போறாரு.

—தெரியும் மதினி. அதனாலதான் சொல்றேன். கேட்டியா பங்காளி, பழைய கட்டு நேத்தோட முடிஞ்சுது. புதுக் கட்டு இன்னிக்கு மத்தியானம்தான். நடுவுல இந்தக் காலை வேளை இருக்கு பாரு, இது எந்த டாக்டருக்கும் சொந்தமில்ல. இதுல குடிச்சா கட்டும் கேக்காது, கடவுளும் கேக்க மாட்டாரு.

—பத்து நாள் சுத்தமா இருந்துட்டுத்தான் வரணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு.

—டாக்டர் என்ன, உன் வாயை மோந்தா பாக்கப் போறாரு? என் மச்சினன் ரெண்டு கட்டுக்கு நடுவுல ஒரு வாரம் விட்டான். அந்த ஒரு வாரத்துல மூணு வருஷத்தையும் சேத்துக் குடிச்சான். அப்பறம் கட்டுப் போட்டுக்கிட்டான். இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கான். பல்லுதான் போச்சு.

—பொண்டாட்டியும் போயிட்டா.

—அவ முன்னாடியே போறதா இருந்தவ மதினி. இந்தா, கிளாஸ் ஒண்ணுதான் இருக்கு. முறைப்படி கை மாத்திக்கலாம். முதல்ல நான். உன் பேரன் நல்லபடியா வந்து சேரட்டும்... ஆச்சு. இப்ப உன் முறை பங்காளி.

—வேணாம் நிகிஃபோர்.

—நீட்டின கிளாஸைத் திருப்பி அனுப்பாத. வாழ்த்துச் சொன்ன கிளாஸ் திரும்பி வந்தா வாழ்த்தும் திரும்பி வந்துடும். கையில வாங்கு முதல்ல.

—வாங்கிட்டேன்.

—சேராஃபிம்.

—கையிலதான புள்ள வச்சிருக்கேன். மோந்து பாத்தேன், அவ்வளவுதான். புளிப்பு ஏறிப்போச்சு நிகிஃபோர். பீப்பாய்க்குக் கந்தகப் புகை காட்டாம ஊத்தியிருக்க. அனிசியா, இந்தா. நீ குடி.

—நானா?

—திரும்பிப் போகக் கூடாதுங்கறான்ல. நீ குடிச்சா முறை கெடாது.

—குடு... ஆச்சு. இந்தா நிகிஃபோர் உன் கிளாஸு. பேரன் பேரைச் சொல்லி இனிமே யாருக்கும் நீட்டாத.

—ஒரே மூச்சு! மதினி மாதிரி பொம்பளை இந்த ஊர்ல இல்ல. ஆனா பங்காளி, கட்டு இருக்கறப்போ மட்டும் தொட்டுடாத. எவ்ஸ்தாஃபி ஞாபகம் இருக்குல்ல, டிராக்டர் ஓட்டினானே? போன வருஷம் கோடையில. அஞ்சு வருஷக் கட்டு, முடிய இன்னும் நாலு நாள்தான். பொறுக்க முடியல அவனுக்கு. கிளாஸைக் கீழ வச்சான், ஆளும் கீழ விழுந்தான். வீட்ல ஒருத்தரும் இல்ல. உசிரு போற நேரத்துல கையில மெழுகுவத்தி ஏத்திப் புடிக்க ஒரு ஆள் இல்லாம இருட்டுலயே போயிட்டான். வத்தி இல்லாமப் போறவனுக்கு அந்தப் பக்கம் வழியே தெரியாதாம், பாவம்.

—குடிச்சதுல செத்தானோ, செத்துடுவோம்கற பயத்துல செத்தானோ, யாரு கண்டா?

—செத்தவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான் மதினி. சரி, லாரி வந்துடுச்சு. வரேன் பங்காளி. நல்லா இறுக்கிக் கட்டிக்கிட்டு வா.

—போயிட்டான், மகராசன். பேச்சுலயே போதை ஏத்திட்டுப் போறான்.

—என்ன அனிசியா, நான் குடிச்சுடுவேன்னு பயந்துட்டியா?

—பயந்தேன். நீ செத்துடுவேன்னு இல்ல. உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு.

—இப்பதான் கட்டு இல்லையே. ஒண்ணும் ஆகாதுதான்.

—கட்டு இருந்தப்பவும் ஒண்ணும் ஆகலை. அது பொய், சேராஃபிம். அந்த ஊசியில தண்ணிதான் இருந்திருக்கும். இன்னிக்குக் குத்தப் போறதும் அதேதான்.

—யாரு சொன்னா?

—யாரும் சொல்லல. என் கண்ணால பாத்தேன்.

—எங்க பாத்த?

—ஏன் கையெழுத்துப் போடலேன்னு விடிஞ்சதுலேர்ந்து கேக்குறியே, கேட்டுக்கோ. போன அக்டோபர், நம்ம ஊர்க் கோயில் திருநாள். வியோரிகாவும் மாப்பிள்ளையும் வந்திருந்தாங்க, குழந்தையை அங்கயே விட்டுட்டு. திராட்சைப் பந்தலுக்குக் கீழ பதினஞ்சு பேரு சாப்பிட உக்காந்திருந்தோம். அந்த இத்தாலிக்கார மாப்பிள்ளை எல்லாத்தையும் கவனிக்கிற புள்ள. "அத்தை ஏன் எப்பவும் தலையைத் திருப்பித் திருப்பிக் கேக்குறாங்க"ன்னு கேட்டான். வியோரிகா அதை நம்ம பேச்சுல உங்கிட்ட கேட்டா. நீ என்ன சொன்ன?

—இவ நிலவறைப் படியில விழுந்துட்டான்னு சொன்னேன்.

—ரொட்டியைப் பிட்டுக்கிட்டே சொன்ன. குரல்கூட மாறல. அந்தப் பொய் யாருதுய்யா? என்னுது. பதினாறு வருஷத்துக்கு முந்தி, காதுலேர்ந்து ரத்தம் கழுத்துல இறங்க இறங்க, உன்னைப் போலீஸ் கொண்டு போயிடக் கூடாதேன்னு ஆஸ்பத்திரியில நான் சொன்ன பொய். விறகுக்கட்டையை எடுத்தவன் நீ. அடிச்சவன் நீ. என் பொய்யை எடுத்து உன் சட்டை மாதிரி போட்டுக்கிட்டு, அத்தனை பேரு முன்னால உக்காந்து சாப்பிட்ட.

—சாப்பிட்டேன்தான்.

—குடிச்ச காலத்துல ராத்திரி அடிப்ப, காலையில என் காலைப் புடிச்சு அழுவ. குடியை விட்ட, அடி நின்னுச்சு. அழுகையும் நின்னுபோச்சு. ஊரு பூரா "தங்கமான மனுஷன் ஆயிட்டாரு உன் வீட்டுக்காரரு"ன்னு எங்கிட்ட வந்து சொல்லுது. ஆமா சாமி, தங்கம்தான். மூணு வருஷமா ஒரே ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன். இந்தக் காதைப் பத்தி ஒரு வார்த்தை. செத்த காதுல சொல்லியிருந்தாக்கூட எனக்குப் போதும்.

—அதனால?

—அதனால எழுந்து போனேன். நிலவறையைத் திறந்தேன். எங்கப்பன் காலத்துப் பீப்பாயிலேர்ந்து ஒயின் எடுத்து, உன் செர்ரிச் சாறு குவளையில பாதிக்குப் பாதி ஊத்தினேன். உன் தட்டுக்குப் பக்கத்துல கொண்டு வந்து வச்சேன். ஒரு சொட்டுக்கே உசிரு போயிடும்னு டாக்டர் சொன்னதை நம்பித்தான் வச்சேன். மாதா மேல சத்தியம் பண்ணின இதே கையால. இப்பப் புரியுதா? இந்தக் கையைத் திரும்ப அந்தக் காகிதத்துல வைக்கச் சொல்றியா?

—அதான் நற்கருணை வாங்கப் போகலையா?

—என்னன்னு போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணுவேன்? புருஷனைக் கொல்லப் பாத்தேன், ஆனா அவன் சூப்பு கேட்டான்னா?

—சூப்பு கேட்டேனா?

—கேட்ட. அன்னிக்கு நீ ஒரே மூச்சுல குடிச்சுட்டு, வாயைத் துடைச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள போன. நான் போய் நிலவறைப் படியில உக்காந்துட்டேன். நான் விழவே விழாத அந்தப் படியிலயேதான். பந்தல்ல எல்லாரும் பாடுறாங்க, நான் உக்காந்து அழுவுறேன். ஊத்தினதைத் திருப்பி எடுத்துக்கோ கடவுளேன்னு கெஞ்சினேன். பொழுது சாயற வரைக்கும் அந்தப் படியை விட்டு நகரல. அப்பறம் உள்ள வந்து பாத்தா, பெரிய அறையில வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஜன்னலைப் பாத்து உக்காந்திருக்க. கல்யாணத்துக்கும் பொணத்துக்கும் தவிர நாம புழங்காத அறை. "என்ன இங்க உக்காந்திருக்க"ன்னேன். "பசிக்குது, சூப்பு இருக்கா"ன்ன. பேயைப் பாத்த மாதிரி நின்னேன்.

—நல்ல சூப்பு. கோழி போட்டிருந்த.

—சிரிக்காதய்யா. சொல்லிட்டேன். மூடி வச்சதையெல்லாம் கொட்டிட்டேன். இனிமே நீ எதுக்குப் பயப்படுவ? போ, நிகிஃபோர் லாரியைத் துரத்திக்கிட்டு ஓடு. பேரனும் வர மாட்டான். எல்லாத்தையும் நானே கெடுத்தேன்.

—எனக்குத் தெரியும் அனிசியா.

—என்ன தெரியும்?

—உதட்டுல பட்டதுமே தெரிஞ்சுபோச்சு. இருபது வருஷத்துக்கு மேல அந்தப் பீப்பாயிலேர்ந்து குடிச்சவன் நான். செர்ரிச் சாறை ஊத்தி என்னை ஏமாத்திட முடியுமா?

—தெரிஞ்சேவா குடிச்ச?

—தெரிஞ்சேதான்.

—ஊசியை நம்பித்தான இருந்த? செத்துடுவேன்னு நம்பித்தான இருந்த?

—உன்னை மாதிரியேதான். முழுசா நம்பினேன்.

—அப்பறம் ஏன்யா குடிச்ச?

—நீ எங்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. குளிருக்கு ஒரு பூட்ஸு வேணும்னுகூடக் கேட்டதில்ல. அன்னிக்குத்தான் முதல் தடவையா ஒண்ணு கேட்ட. குடுத்துடலாம்னு தோணுச்சு.

—பேச்சு. வெறும் பேச்சு.

—அந்த விறகுக்கட்டையும் ஞாபகம் இருக்கு. ஓக்குக் கட்டை, ஒரு பக்கம் பட்டை உரிஞ்சிருந்துது. குடிகாரன் மறந்துபோச்சுன்னு சொல்றது ஒரு சௌகரியம், புள்ள. எனக்கு ஒண்ணும் மறக்கல. ஆஸ்பத்திரியில நீ பொய் சொன்னப்போ நான் கதவுக்கு வெளியில நின்னுக்கிட்டிருந்தேன். மாப்பிள்ளை கேட்டப்போ உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியில வந்தது உன் பொய். அது பழகின வழியாச்சே. நான்தான் அடிச்சேன், அனிசியா. நல்ல காதுலயே சொல்றேன்.

—பதினாறு வருஷம் கழிச்சு, பஸ் நிறுத்தத்துல.

—வேற எங்க சொல்றது, எனக்குத் தெரியல.

—அப்ப இந்த எட்டு மாசம்? ஊசி பொய்யின்னு தெரிஞ்சும் ஏன் குடிக்கல? எதுக்குப் பயந்த?

—உனக்குத்தான். அடுத்த குவளையில என்ன ஊத்துவியோன்னு.

—சேராஃபிம்.

—சரி, விடு. காலையில எழுந்திரிப்பேன். இன்னிக்கு வேணாம்னு சொல்லிக்குவேன். மறுநாளும் அதேதான். மருந்தும் இல்ல, மாயமும் இல்ல. நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன். பல்லைக் கடிச்சுக் கடிச்சுத் தாடை வலிக்குது. இப்ப அவன் நீட்டினானே, அப்பவும் வலிச்சுது.

—அப்ப இன்னிக்கு எதுக்கு இந்த ஊசி?

—பொண்ணுக்குக் காகிதம் வேணும். தாடை வலியைப் படம் புடிச்சு அனுப்ப முடியாதுல்ல. தண்ணியோ, எண்ணெயோ, குத்தட்டும். வண்டி வருது பாரு. மேட்டுல தூசி தெரியுது.

—இரு. அந்த வெள்ளைச் சட்டை...

—அது பொணத்துக்குப் போடறதுதான். கடைசியில வியோரிகா கையால உடுத்திவிட வேணாமேன்னு நானே உடுத்திக்கிட்டேன். மாதா படத்துக்குப் பின்னாடி மெழுகுவத்தி இருந்துச்சு. பத்த வச்சு, கையில புடிச்சுக்கிட்டுப் படுத்தேன். எவ்ஸ்தாஃபி மாதிரி இருட்டுல போகக் கூடாதுன்னு.

—உன் கட்டைவிரலு...

—அடுப்பு சுடல.

—ஐயோ, கடைசி வரைக்குமா எரிஞ்சுது?

—எரிஞ்சுது. அப்பவும் நெஞ்சு நிக்கல. அப்பறம்தான் எழுந்து உக்காந்தேன். பசிச்சுது.

—எனக்குத் தெரியாதே, சேராஃபிம். நீ கோவிச்சுக்கிட்டுப் போய்ப் படுத்திருக்கேன்னு நெனச்சேன். வத்தியோட கிடக்கறேன்னு தெரிஞ்சிருந்தா அந்தப் படியை விட்டு எழுந்து ஓடி வந்திருப்பேன். என்ன பாவம் பண்ணியிருந்தாலும் வத்தியை நான் புடிச்சிருப்பேன். தனியா விட்டிருக்க மாட்டேன்.

—சரி, விடு. வண்டி நின்னுடுச்சு. ஏறு.

—மாதா மேல ஆணையா எனக்குத் தெரியாது.

—ஆணையெல்லாம் வேணாம், அனிசியா. வத்தி பாதி எரிஞ்சப்போ உன் சாவிக்கொத்துச் சத்தம் நடையில வந்துச்சு. கதவுகிட்ட வந்து நின்னுச்சு. இடுக்கு வழியா வெளிச்சம் உனக்குத் தெரிஞ்சிருக்கும். புடிச்சுக்க நீ வந்துட்டேன்னு நெனச்சு வத்தியை நீட்டினேன். நீ வெளியில நின்னே சாவியைப் போட்டுக் கதவைப் பூட்டிட்டுப் போயிட்ட. ஏறு. எனக்கு இடது பக்கமா உக்காரு, உன் நல்ல காது என் பக்கம் இருக்கட்டும்.